உங்களுக்குத் தெரியுமா? ஏமன் நாட்டுச் சாப்பாடு

ஏமன் என்றதும் நமக்குப் போர்ச் செய்திதான் நினைவுக்கு வருகிறது. நாம் காலையில் குடிக்கும் காபிக்கும், இன்று ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் மந்தி கடைகளுக்கும் அந்த நாட்டோடு நெருங்கிய உறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மலை, கடற்கரை, வறண்ட பள்ளத்தாக்கு, தீவு என்று நிலம் மாற மாற அங்கே சாப்பாடும் மாறிவிடும். ஒரு பயணி நடக்கக்கூடிய வரிசையிலேயே பார்ப்போம்.

சனா: மலைநாட்டு மதியச் சாப்பாடு

• ஏமனின் தேசிய உணவு என்று பலரும் சொல்வது 'சல்தா'. இறைச்சி வெந்த சாறு, காய்கறி, உருளைக்கிழங்கு, சில வீடுகளில் முட்டை எல்லாம் சேர்ந்து கொதிக்கும் குழம்பு இது. மேலே வெந்தய நுரையும் மிளகாய்த் துவையலும் விழுந்த பிறகே அது சல்தா ஆகும். மதிய வேளைக்கு உரியது. இரவில் போய்க் கேட்டால் பெரும்பாலான கடைகளில் கிடைக்காது.

• சல்தாவில் இறைச்சி குறைவு. ஆட்டிறைச்சியை நார்நாராக உதிரும்வரை வேகவைத்துச் சேர்த்தால் அதற்கு 'ஃபாஹ்ஸா' என்று பெயர். முதல் முறை சாப்பிடுபவர்கள் இரண்டையும் ஒவ்வொன்று வாங்கிப் பகிர்ந்துகொண்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

• அந்த வெந்தய நுரைக்கு 'ஹுல்பா' என்று பெயர். வெந்தயப் பொடியைத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைப்பார்கள். மேலே தெளியும் கசப்புத் தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய விழுதைக் கையாலேயே அடித்து அடித்து நுரைக்க வைப்பார்கள். பழுப்பு விழுது வெளுத்து, பல மடங்கு பொங்கிவரும். கசப்பில் பெரும்பகுதி போய்விடும், வெந்தய மணம் மட்டும் நிற்கும்.

• சல்தா வருவது கல்சட்டியில். ஏமனின் வடக்கு மலைப்பகுதிகளில் மாக்கல்லைக் குடைந்து இந்தச் சட்டிகளைச் செய்கிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கி உங்கள் முன்னால் வைத்த பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டால் நாக்கு வெந்துவிடும். ரொட்டியைப் பிய்த்து, ஓரத்திலிருந்து தொட்டுச் சாப்பிடுவதே உள்ளூர்ப் பழக்கம்.

• சனாவின் சல்தா கடையைக் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகை தேவையில்லை. அடுப்புகளின் இரைச்சலே தெருவுக்குக் கேட்கும். சீறி எழும் தீக்கு நடுவே சமையல்காரர் உயரமான மேடையில் நின்றபடி ஒரே நேரத்தில் பல சட்டிகளைக் கையாள்வார். வாசலில் நின்று அதைப் பார்ப்பதற்கே ஒரு கூட்டம் இருக்கும்.

• தக்காளி, பச்சை மிளகாய், பூண்டு, கொத்தமல்லி வைத்து அரைக்கும் துவையலுக்கு 'சஹாவிக்' என்று பெயர். காலை முட்டை முதல் மதிய மீன் வரை எல்லாவற்றோடும் வரும். தாயிஸ் வட்டாரத்துப் புகையூட்டிய பாலாடைக்கட்டியைச் சேர்த்து அரைத்தால் அதன் குணமே வேறு. காரத்துக்குப் பழகிய நம் நாக்கு அரபு நாடுகளில் முதலில் வீடு கண்டதுபோல் உணர்வது இந்தத் துவையலைத் தொட்ட பிறகுதான்.

• ஏமன் வீடுகளில் ரொட்டிக்கு எத்தனையோ வகை. தந்தூர் அடுப்பின் சுவரில் அறைந்து சுடுவது ஒன்று, கல்லில் போட்டு நெய்விட்டு மடிப்பு மடிப்பாக எடுப்பது இன்னொன்று. கோதுமை, பார்லி, சோளம், கம்பு என்று மாவும் ஊருக்கு ஊர் வேறுபடும். ரொட்டியே கரண்டி. கடையில் தனியாகக் கரண்டி வைக்கவில்லை என்றால் மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

• 'லஹூஹ்' என்ற ரொட்டி புளித்த மாவில் ஊற்றுவது. திருப்பிப் போடாமல் ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பதால் மேலே துளைகள் நிறைந்திருக்கும். ஆப்பம் தின்று வளர்ந்தவர்களுக்கு அது புதிதாகவே தோன்றாது. இதைத் தயிரில் ஊறவைத்து, பச்சை இலைகளும் மிளகாயும் அரைத்துச் சேர்த்தால் 'ஷஃபூத்'. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தில் இது இல்லாத வீடு குறைவு.

• மலைக் கிராமங்களின் பழைய உணவு 'அஸீத்' என்னும் மாவுக் களி. சோளமாவையோ கோதுமை மாவையோ கட்டியில்லாமல் கிளறி, உருட்டி, நடுவில் குழி செய்து அதில் இறைச்சிச் சாறு ஊற்றுவார்கள். சிலர் நெய்யும் தேனும் விடுவார்கள். எல்லோரும் அவரவர் பக்கத்திலிருந்து நடுவை நோக்கித் தோண்டிச் சாப்பிட வேண்டும்.

• அந்தச் சோளத்தை நிலத்தடிக் குழிகளில் சேமித்து வைக்கும் பழக்கம் ஏமன் மலைகளில் நெடுங்காலமாக உண்டு. காற்றுப் புகாமல் வாயை மூடிவிட்டால் தானியம் நீண்ட நாள் கெடாது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஊரைக் காப்பாற்றியவை அந்தக் குழிகளே.

• சனாவின் பழைய நகரம் 1986இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உயர்ந்த மண் வீடுகளுக்கு நடுவே அங்கே காய்கறித் தோட்டங்கள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பள்ளிவாசல்களில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தண்ணீர் வீணாகாமல் இந்தத் தோட்டங்களுக்குப் பாயும்படி முன்னோர் அமைத்திருக்கிறார்கள். முள்ளங்கியும் லீக்ஸும் வாசனை இலைகளும் அங்கிருந்தே மதியச் சாப்பாட்டுக்கு வந்தன. வறண்ட நாட்டின் தலைநகரம் தண்ணீரை இரண்டு முறை பயன்படுத்திய அழகு இது.

• அதே பழைய நகரின் சந்தைக்குள் ஒட்டகம் சுற்றும் எண்ணெய்ச் செக்குகள் இருந்தன. சிறிய இருட்டறை, கண் கட்டிய ஒட்டகம், நடுவே செக்கு, ஆட்டியது நல்லெண்ணெய். செக்கெண்ணெயின் மணம் தெரிந்த நமக்கு அந்த அறையின் வாசலில் எந்த விளக்கமும் தேவைப்படாது.

• 'பின்த் அல் சஹன்' ஏமனின் விருந்துப் பெருமை. காகிதம்போல் மெலிதாக இழுத்த மாவை அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் நெய் தடவி, மேலே கருஞ்சீரகம் தூவிச் சுடுவார்கள். சூடாக வந்ததும் தேனை ஊற்றுவார்கள். இனிப்பு என்பதற்காக விருந்தின் கடைசிவரை காத்திருக்காது, மற்ற உணவுகளோடு சேர்ந்தே வந்துவிடும். வரும்போதே சாப்பிடுங்கள். ஆறினால் மொறுமொறுப்பு போய்விடும்.

• பெருநாளில் ஏமன் வீட்டுக்குப் போனால் முதலில் வருவது உலர்திராட்சையும் பாதாமும் கலந்த தட்டு. சனாவைச் சுற்றிய மலைகளில் திராட்சை விளைச்சல் மிகப் பழையது. சந்தையில் திராட்சையைத் தோட்டத்து ஊரின் பெயர் சொல்லியே கேட்பார்கள்.

• ஏமனில் நூற்றாண்டுகளாக வாழ்ந்த யூதர்களில் ஏறத்தாழ 49,000 பேர் 1949, 1950ஆம் ஆண்டுகளில் விமானங்களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களோடு 'ஜக்னூன்', 'குபானே' ரொட்டிகளும் போயின. ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது என்பதால், முதல் நாள் மாலையே அடுப்பில் வைத்து இரவு முழுதும் மெல்ல வேகவிடும் ரொட்டிகள் இவை. அவர்கள் கொண்டுபோன மிளகாய்த் துவையல் இன்று அந்த நாடு முழுவதும் புழங்குகிறது.

காபி மலைகள்

• காபிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அதைப் பயிராக வளர்த்து, பானமாக உலகுக்குக் கொடுத்தது ஏமன். 15ஆம் நூற்றாண்டில் ஏமனின் சூஃபிகள் இரவு நேரத் தியானத்தில் தூக்கம் வராமலிருக்கக் காபி குடித்தார்கள். அங்கிருந்து மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் பரவியது.

• செங்கடல் ஓரத்து மோக்கா துறைமுகம் ஒரு காலத்தில் உலகக் காபி வணிகத்தின் தலைவாசல். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர்கள் ஜாவாவில் காபி பயிரிடத் தொடங்கிய பிறகு அதன் தனியுரிமை உடைந்தது. 1839இல் ஆங்கிலேயர் ஏடனைப் பிடித்ததும் வணிகம் அந்தப் பக்கம் நகர்ந்தது. இன்று மோக்கா ஒரு சின்ன ஊர்.

• பாபா புடான் என்ற சூஃபிப் பெரியவர் 17ஆம் நூற்றாண்டில் ஹஜ் பயணத்திலிருந்து திரும்பும்போது மோக்காவிலிருந்து ஏழு காபிக் கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. கும்பகோணம் டிகிரி காபியின் வேரைத் தேடிப் போனால் இந்த மலை வழியாக ஏமனில் போய் நிற்போம்.

• காபி நாட்டுக்காரர்கள் காபியை அதிகம் குடிப்பதில்லை! கொட்டையை விற்றுவிட்டு, உலர்ந்த பழத்தோலை இஞ்சியும் பட்டையும் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிப்பதே பழைய வழக்கம். அதன் பெயர் 'கிஷ்ர்'. நிறம் பொன்னிறம், சுவை காபிக்கும் தேநீருக்கும் நடுவில். விலை உயர்ந்த கொட்டை கப்பலுக்கு, மிஞ்சிய தோல் வீட்டுக்கு என்றிருந்த உழவர் குடும்பங்கள் அந்தத் தோலிலிருந்தே ஒரு தேசத்தின் பானத்தை உண்டாக்கின.

• ஏமன் காபியைப் பழத்தோடு சேர்த்தே வெயிலில் காயவைக்கிறார்கள். மலைக் கிராமங்களில் களம் அமைக்க இடமில்லாததால் மொட்டைமாடியே களம். அறுவடைக் காலத்தில் ஹராஸ் மலை வீடுகளின் மாடிகள் சிவந்து கிடக்கும். காபியில் வரும் பழவாசனைக்கு இப்படிக் காயவைப்பது முக்கியக் காரணம்.

• இந்தக் காபியின் பெரிய எதிரி 'கத்'. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கன்னத்தில் அடக்கி மணிக்கணக்கில் மெல்லும் போதை இலை அது. அன்றன்றே விற்றுக் காசாகும் என்பதால் உழவர்கள் காபிச் செடியை எடுத்துவிட்டுக் கத் வைத்தார்கள். நாட்டின் நிலத்தடி நீரில் பெரும்பங்கை அது குடித்துவிடுகிறது. பல நாடுகளில் கத் தடைசெய்யப்பட்டது. பயணிகள் அதைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினால் சிறைதான்.

• ஹராஸ் மலையில் அல் ஹுதைப் என்ற ஊர் தாவூதி போரா முஸ்லிம்களின் புனிதத் தலம். இந்தியாவிலிருந்தும் யாத்திரிகர்கள் போய்வந்தார்கள். அங்குள்ள போரா சமூகத்தார் கத் செடிகளைப் பிடுங்கிவிட்டு மீண்டும் காபி நட்டார்கள். மனம் வைத்தால் திரும்ப முடியும் என்பதற்கு அந்தச் சரிவுகள் சான்று.

திஹாமா: செங்கடல் கரை

• மலையிலிருந்து இறங்கினால் திஹாமா சமவெளி. வெயிலும் புழுக்கமும் நிறைந்த நிலம். இங்கே மீன்தான் அரசன். ஹொதைதா, கோகா கடைகளில் மீனை முதுகுப் பக்கம் பிளந்து விரித்து, மிளகாய் விழுது தடவி, களிமண் அடுப்பின் உள்ளே வைத்துச் சுடுவார்கள். தோல் கருகி, உள்ளே சதை ஈரமாக இருக்கும். தட்டைவிடப் பெரிய ரொட்டியும் துவையலும் உடன் வரும்.

• பைத் அல் ஃபகீஹ் என்ற ஊரின் வெள்ளிக்கிழமைச் சந்தை பெயர் பெற்றது. ஒரு காலத்தில் மலைக் காபி முதலில் வந்திறங்கி விலை பேசப்பட்டது இந்த ஊரில்தான். ஐரோப்பிய வணிகர்களின் ஆட்களும் இங்கே வந்து வாங்கினார்கள்.

ஏடன்: இந்தியா தொட்ட துறைமுகம்

• 1839 முதல் 1937 வரை ஏடன் பிரிட்டிஷ் இந்தியாவின் நிர்வாகத்தில் இருந்தது. 1951 வரை அங்கே புழங்கியது இந்திய ரூபாய். இந்திய வணிகர்களும் சிப்பாய்களும் சமையலையும் சேர்த்தே கொண்டுபோனார்கள்.

• அதன் அடையாளம் 'ஸுர்பியான்'. தயிரில் ஊறிய ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வறுத்த வெங்காயம், மசாலா, அதன் மேல் அரைவேக்காட்டு அரிசி என்று அடுக்கித் தம் போடுவது. ஏடனில் திருமண விருந்து என்றால் ஸுர்பியான் என்று பொருள். பிரியாணியின் ஒன்றுவிட்ட சகோதரனைக் கடல் கடந்த ஊரில் சந்திக்கலாம்.

• ஏடன் தேநீர் பால் ஊற்றி, ஏலக்காயும் கிராம்பும் போட்டு நெடுநேரம் கொதிக்கவைப்பது. மலைநாட்டில் சாதாரணமாகப் பால் இல்லாத தேநீர் வரும். பால் தேநீர் வேண்டும் என்றால் ஏடன் தேநீர் என்று கேட்டால் போதும்.

• தொழிலதிபர் திருபாய் அம்பானி இளைஞராக வேலை பார்த்தது ஏடனில்தான். அங்கே ஒரு வணிக நிறுவனத்தில் பணியாற்றி 1958இல் ஊர் திரும்பினார். அந்தக் காலத்து ஏடனில் குஜராத்திகள் அவ்வளவு பேர் இருந்தார்கள்.

• ஏடனின் சீரா பகுதி மீன் சந்தையில் மீனை நீங்களே பார்த்து வாங்கிப் பக்கத்துக் கடையில் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள். மீனுக்கு ஒரு விலை, சமைப்பதற்கு ஒரு கூலி. பேரம் பேசத் தயங்க வேண்டாம்.

ஹத்ரமவுத்: மந்தியும் தேனும்

• மந்தி பிறந்த மண் ஹத்ரமவுத். நிலத்தில் தோண்டிய தந்தூரில் விறகுத் தணல். அதன்மேல் அரிசிப் பாத்திரம், அரிசிக்கு மேலே இளம் ஆட்டிறைச்சி. வாயை மூடி மண் பூசிவிடுவார்கள். இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பும் சாறும் அரிசியில் இறங்கும், புகை இரண்டிலும் ஏறும். மசாலா குறைவு. தணலும் பொறுமையும்தான் சுவை.

• இதே வட்டாரத்தின் இன்னொரு முறை 'மத்பி'. தணலில் கூழாங்கற்களைப் பழுக்கக் காயவைத்து, அவற்றின்மேல் இறைச்சியைப் பரப்பி வாட்டுவார்கள். எண்ணெய் தேவையில்லை. இறைச்சியின் கொழுப்பே உருகிக் கல்லில் பட்டு மணக்கும்.

• ஹத்ரமவுத் ஆண்கள் பிழைப்புத் தேடி ஜாவா, கிழக்கு ஆப்பிரிக்கா, மலபார், ஹைதராபாத் என்று போனார்கள். ஹைதராபாத் நிஜாமின் படையில் ஏராளமானோர் சேர்ந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் பார்க்கஸ் பகுதி இன்று மந்திக்குப் பெயர் பெற்றது. கேரளத்தின் குழிமந்தி வளைகுடா நாடுகளில் வேலை செய்தவர்கள் வழியாக வந்தது. அங்கிருந்து தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகள்வரை பரவிவிட்டது.

• ஹைதராபாத் ஹலீமுக்கும் மூதாதை அரபு நாட்டு 'ஹரீஸ்'. கோதுமையும் இறைச்சியும் ஒன்றாகக் குழையும்வரை வேகும் உணவு அது. நிஜாம் காலத்து அரபுப் படையினரோடு வந்து, இந்திய மசாலா ஏறி, 2010இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

• வாதி தோஆன் பள்ளத்தாக்கின் 'சித்ர்' தேன் உலகின் விலை உயர்ந்த தேன்களில் ஒன்று. சித்ர் நம் இலந்தை இனத்து மரம். அது பூக்கும் காலம் தவறாமல், தேனீ வளர்ப்போர் கூடுகளை இரவோடு இரவாக வண்டியில் ஏற்றிப் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக நகர்வார்கள். பகலில் நகர்த்தினால் வெளியே போன தேனீக்கள் வழி தவறிவிடும்.

• ஹத்ரமவுத் கடற்கரையில் உப்பிட்டுக் காயவைத்த சுறாவைச் சோற்றோடு சமைக்கிறார்கள். சுறாப் புட்டும் கருவாட்டுக் குழம்பும் தெரிந்தவர்கள் தைரியமாகக் கேட்டு வாங்கலாம்.

சொகோத்ரா: காற்று ஆளும் தீவு

• விசித்திர மரங்களுக்குப் பேர்போன சொகோத்ரா 2008 முதல் உலகப் பாரம்பரியத் தலம். ஆட்டிறைச்சி, மீன், பேரீச்சை, ஆட்டுப்பால், சோறு இவையே உணவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடுமையாக வீசும். படகுகள் கடலுக்குப் போக முடியாது. அந்த மாதங்களுக்காக மீனையும் பேரீச்சையையும் முன்பே காயவைத்துச் சேர்ப்பார்கள்.

பந்தியில் உட்காரும் முன்

• தரையில் விரிப்பு, நடுவில் பெரிய தாம்பாளம், வலது கையால் சாப்பாடு. உங்களுக்கு முன்னால் இருக்கும் பகுதியிலிருந்து எடுப்பதே மரியாதை. நல்ல இறைச்சித் துண்டை வீட்டுக்காரர் விருந்தாளி பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். மறுக்காமல் ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

• சாப்பிடும்போது பேச்சு குறைவு. சூடு ஆறுவதற்குள் வேகமாகச் சாப்பிட்டு எழுவார்கள். அரட்டையெல்லாம் பிறகு, தேநீரோடு. பல வீடுகளில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே சாப்பிடுவார்கள், உணவகங்களில் குடும்பத்தினருக்கு மறைவான தனிப் பகுதி இருக்கும். பெண் பயணிகளுக்கு ஒரு நன்மை உண்டு: அடுப்படிக்குள் அழைப்பு அவர்களுக்கே கிடைக்கும்.

• நினைத்த உடனே போகும் நாடு அல்ல இன்றைய ஏமன். 2017இல் இந்திய அரசு இந்தியக் குடிமக்கள் அங்கே செல்லத் தடை விதித்தது. வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் எந்தத் திட்டமும் போடாதீர்கள். அதுவரை ஹைதராபாத் பார்க்கஸ், துபாய், ஓமனின் சலாலா, ஜித்தா, ஏமன் முறை மீனுக்குப் பெயர்போன ஜிபூத்தி ஆகிய இடங்களில் இந்த உணவைத் தேடலாம். மந்தியோடு நின்றுவிடாமல் சல்தா உண்டா, ஸுர்பியான் உண்டா என்று கேளுங்கள். சமையல்காரர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் அந்த ஊரின் சிறந்த உணவு எது என்று அவரே சொல்வார்.

• இவ்வளவு வளமான சமையல் உள்ள நாட்டில், பத்தாண்டுப் போரின் விளைவாக ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் போதிய உணவின்றித் தவிக்கிறார்கள். 2022 ஏப்ரலில் ஐ.நா. முயற்சியால் வந்த போர்நிறுத்தம் சற்று மூச்சுவிட வைத்தது, பசி தீரவில்லை. தேவையான கோதுமையில் பெரும்பங்கு இறக்குமதி என்பதால் துறைமுகம் அடைபட்டாலே ரொட்டி விலை ஏறிவிடுகிறது.

• நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஏமன் காபியும் சித்ர் தேனும் இன்றும் உலகச் சந்தைக்கு வருகின்றன. விலை அதிகம்தான். ஆனால் எந்த மலையில், எந்தக் கிராமத்தில் விளைந்தது என்று தெளிவாகச் சொல்லும் வணிகரிடம் சிறிதளவு வாங்கினாலும், கத் செடியை விட்டுக் காபிச் செடியைக் காப்பாற்றும் ஓர் உழவருக்கு அது வருமானம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகை விழித்திருக்கச் செய்த அந்த மலைக்காரர்களுக்கு நாம் பட்ட கடனில் ஒரு துளியாவது அடையட்டும்.